பேறுகால விடுப்பு முடிந்து திரும்பும் தாய்மார்கள்: பாலூட்டும் இடைவேளை, குழந்தைக் காப்பகம், நிறுவனம் எதைச் செய்தே ஆக வேண்டும்?

ஊடுநூல் கேட்டது:

தமிழ்நாட்டில் ஒரு தனியார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. மொத்தம் 64 பேர். அதில் 11 பேர் ஏஜென்சி ஆட்கள். பெண்கள் 26. அடுத்த மூன்று மாதத்தில் நான்கு பேர் பேறுகால விடுப்பு முடித்துத் திரும்புகிறார்கள். மூவர் தையல் லைன், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. ஒருவர் மெர்ச்சண்டைசிங் (ஆர்டர்களைக் கவனிக்கும் அலுவலக வேலை), சம்பளம் 21,000-க்கு மேல், இஎஸ்ஐ கிடையாது. தொழிலாளர் சார்பில் நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும். எச்ஆர் வாய்மொழியாகச் சொன்ன பதில்கள் இவை:

காப்பகம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால்தான். பால் கொடுக்க டீ டைமும் சாப்பாட்டு டைமும் போதும், தனியாக எதுவும் கிடையாது. இஎஸ்ஐ கட்டுகிறோம், மற்றதை அங்கே கேளுங்கள். பழைய சட்டம் போய்விட்டது, புதுச் சட்டத்துக்கு விதி வரவில்லை, அதனால் இப்போதைக்கு எதுவும் செல்லாது. தையல் லைனில் இருந்த இருவர் செக்கிங்குக்கு (தைத்த துணியைச் சரிபார்க்கும் பிரிவு) போக வேண்டும்.

இதில் எது சரி, எது தப்பு? பிரிவு எண்ணோடு சொன்னால் மனுவில் அப்படியே போட்டுவிடுவேன்.

---

ஏழாம்பக்கம் எழுதியது:

கடைசியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் "எதுவும் செல்லாது" என்பதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

1961-ன் மகப்பேறு நலச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 வந்துவிட்டது, 21.11.2025 முதல் அமல். உள்ளடக்கம் காணாமல் போகவில்லை. பழைய சட்டத்தில் இருந்தது தொகுப்பின் ஆறாவது அத்தியாயத்தில், 59 முதல் 72 வரையான பிரிவுகளில் கிட்டத்தட்ட அதே வாசகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. விதிகளைப் பொறுத்தவரை, புது விதி வரும் இடைக்காலத்தில் பழைய விதிகள், தொகுப்புக்கு முரணாக இல்லாத அளவுக்குத் தொடரும். ஆகவே "விதி வரவில்லை" என்பது இடைவேளையை மறுக்கக் காரணம் ஆகாது. மனுவில் இரண்டு எண்ணையும் போடுங்கள்: பாலூட்டும் இடைவேளைக்கு "பிரிவு 66, பழைய பிரிவு 11", காப்பகத்துக்கு "பிரிவு 67, பழைய பிரிவு 11அ". எச்ஆர் மேசையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் தேடி எடுத்துவிடலாம்.

இடைவேளை. பிரிவு 66 சொல்வது: பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேலதிகமாக, குழந்தைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை. குழந்தைக்கு 15 மாதம் நிரம்பும்வரை. அந்த "மேலதிகமாக" என்ற சொல்லை மனுவில் அடிக்கோடிடுங்கள். டீ டைம், சாப்பாட்டு டைம் வாதம் அந்த ஒரே சொல்லில் விழுந்துவிடும்.

15 மாதம் என்பது குழந்தையின் வயது. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. 26 வாரத்தில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தவர் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரம், அதாவது நான்கு மாதம் சொச்சம். இன்னும் சுமார் பதினொரு மாதம் இந்த உரிமை ஓடும். 26 வாரத்தையும் பிரசவத்துக்குப் பின் எடுத்தவருக்கு ஒன்பது மாதம்.

எத்தனை நிமிடம்? பிரிவு அதை விதிக்கு விட்டிருக்கிறது. சுரங்கம், சர்க்கஸ் இவற்றுக்காக 1963-ல் வந்த மத்திய விதிகளில் ஒரு இடைவேளைக்கு 15 நிமிடம். அதோடு காப்பகத்துக்கோ குழந்தை இருக்கும் இடத்துக்கோ போய் வர, தூரத்தைப் பொறுத்து, 5 நிமிடத்துக்குக் குறையாமல் 15 நிமிடத்துக்கு மிகாமல் கூடுதல் நேரம். ஆக ஒரு இடைவேளை 20 முதல் 30 நிமிடம், நாளுக்கு 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். அந்த விதி உங்கள் தொழிற்சாலைக்கு எழுதியது இல்லை. ஆனால் பேச்சுவார்த்தையில் எல்லோரும் கையில் எடுக்கும் அளவுகோல் அதுதான். மனுவில் 30 நிமிடம் என்றே கேளுங்கள். 15 என்று நீங்களே எழுதினால் போக்குவரத்து நேரம் அங்கேயே போச்சு.

---

நாலுதரம் எழுதியது:

காப்பகம் பற்றி. எச்ஆர் சொல்லும் 30 பெண்கள் கணக்கு வானத்திலிருந்து விழவில்லை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 48, முப்பதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலைக்குக் காப்பகம் வேண்டும் என்றது. அந்த எண் பலர் தலையில் அப்படியே தங்கிவிட்டது. 2017 திருத்தம் மகப்பேறு நலச் சட்டத்தில் தனியாக ஒரு கணக்கைக் கொண்டுவந்தது: 50 ஊழியர்கள். ஆண், பெண் எல்லோரும் சேர்த்து. தொகுப்பின் பிரிவு 67-லும் அதே 50.

உங்கள் இடத்தில் அடுத்த வாதம் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: "ஏஜென்சி ஆட்களைக் கழித்தால் 53 தானே, நான்கு பேர் வேலையை விட்டால்..." என்று ஆரம்பிப்பார்கள். தொகுப்பில் "ஊழியர்" என்பதன் வரையறை நேரடியாகவோ ஒப்பந்தக்காரர் மூலமாகவோ கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்பதே. தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வரும் அப்ரெண்டிஸ் மட்டும் வெளியே. ஆகவே 64 தான் கணக்கு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: காப்பகம் வளாகத்துக்குள் கட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுவாக நடத்தலாம். அரசு, நகராட்சி, தனியார், தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ல் கொடுத்த வழிகாட்டு நெறிகளில் வேலையிடத்திலிருந்து 500 மீட்டருக்குள் என்று இருக்கிறது. மனுவில் "கட்டிடம் கட்டுங்கள்" என்று கேட்டால் செலவைக் காட்டி ஒத்திப்போடுவார்கள். "இன்ன தேதிக்குள் ஒரு காப்பகத்தோடு எழுத்துப்பூர்வ ஏற்பாடு" என்று கேளுங்கள். அதற்கு மறுப்புச் சொல்வது கடினம்.

காப்பகத்துக்கு நாளில் நான்கு முறை போய் வர அனுமதிக்க வேண்டும். ஓய்வு இடைவேளையும் இந்த நான்கில் அடக்கம். காலை 10.45, மதியச் சாப்பாடு, பிற்பகல் டீ, 4.30 என்று போட்டால் நான்கும் சரியாக உட்கார்ந்துவிடும், 10.45-ம் 4.30-ம் பாலூட்டும் இடைவேளைகள், நடுவில் இருப்பவை வழக்கமான ஓய்வு.

---

ஒருரூபாய்_கணக்கு எழுதியது:

சட்டம் சரியாக இருந்தும் சம்பளப் பட்டியலில் காசு போகும் இடங்கள் இரண்டு. மற்றவர்கள் அதைத் தொடவில்லை.

ஒன்று, பயோமெட்ரிக். 10.45-க்கு வெளியே பஞ்ச், 11.15-க்கு உள்ளே பஞ்ச். மென்பொருளில் இடைவேளைக்கென்று தனிக் குறியீடு போடாவிட்டால் அது "குறை நேரம்" என்று பதிவாகும். நாளுக்கு ஒரு மணி, 26 நாளில் 26 மணி. மாதக் கடைசியில் மூன்று நாள் சம்பளம் தானாகவே வெட்டுப்படும். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஆனால் பிரிவு 69 (பழைய 13) பாலூட்டும் இடைவேளைக்காக வழக்கமான நாள் கூலியில் பிடித்தம் கூடாது என்கிறது. முதல் சம்பளச் சீட்டு வந்ததும் வேலை நாள், குறை நேரம் இரண்டு கட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, பீஸ் டார்கெட். தையல் லைனில் இதுதான் பெரிய ஓட்டை. கூலியைத் தொடமாட்டார்கள், டார்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஊக்கத்தொகையை நிறுத்துவார்கள். 480 நிமிட ஷிப்டுக்கு 400 பீஸ் என்றால், 60 நிமிடம் இடைவேளை போக 420 நிமிடத்துக்கு 350 பீஸ்தான் நியாயமான டார்கெட். (400 × 420 ÷ 480.) பிரிவு 69 "வழக்கமான நாள் கூலி" என்று மட்டும் பேசுவதால் ஊக்கத்தொகை அதில் தெளிவாக அடங்காது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பாமல், டார்கெட் குறைப்பை மனுவில் தனி வரியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். லைன் சூப்பர்வைசருக்கும் நகல் போக வேண்டும். டார்கெட் பலகையில் எண்ணை எழுதுவது அவர்தானே, எச்ஆர் இல்லையே.

---

படிவக்கட்டு எழுதியது:

இஎஸ்ஐ பாகம்.

இஎஸ்ஐ தருவது பணம். 26 வாரத்துக்கு, சராசரி நாள் கூலியில் முழு அளவு. ஷிப்ட் நேரத்தை மாற்றுவதோ காப்பகம் வைப்பதோ இஎஸ்ஐ கிளை அலுவலகத்தின் வேலை இல்லை. எச்ஆர் அங்கே கைகாட்டுவது திசைதிருப்பல்.

தகுதி: முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாள் பங்களிப்பு. பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். பலன் காலம் (அந்தப் பங்களிப்பை வைத்துப் பணம் கோரக்கூடிய காலம்) முறையே அடுத்து வரும் ஜனவரி–ஜூன், ஜூலை–டிசம்பர். புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுக்கி விழுவது இந்த இடைவெளியில்தான். 70 நாள் தேறாமல் போனால் "ஒன்றும் கிடையாது" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அது தப்பு. இஎஸ்ஐ-யில் தகுதி வரும்வரை நிறுவனத்திடமிருந்து பெறும் உரிமை பிரிவு 61-ல் இருக்கிறது. நிறுவனத்திடம் கேட்பதற்கான தகுதி, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை.

விடுப்பில் இருக்கும்போது வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட "வந்தார்" என்று ஏறக்கூடாது. கையெழுத்துப் போட, சாவி கொடுக்க என்று போய் வழக்கத்தில் விரலை வைத்துவிட்டால் இஎஸ்ஐ கோரிக்கை அந்த இடத்தில் சிக்கும். இஎஸ்ஐ இல்லாதவருக்கும் இதே மாதிரி ஒரு கண்ணி: அனுமதிக்கப்பட்ட விடுப்புக் காலத்தில் வேறு இடத்தில் கூலிக்கு வேலை செய்தால் அந்தக் காலத்துக்கான பணம் பறிபோகும் (பிரிவு 70).

மெர்ச்சண்டைசிங் பெண்ணுக்குப் பணம் நிறுவனம் தர வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கானது, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமாக. மீதி, குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். கணக்கு, விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரி நாள் கூலி. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்து. இதைத் தீர்த்து வைத்தது கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் கிளம்பி உச்ச நீதிமன்றம் போன ஒரு எஸ்டேட் வழக்கு, 1977. ஆகவே 26 வாரம் = 182 நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 156 நாளுக்குக் கொடுத்திருந்தால் பாக்கி கேட்கலாம். நிறுவனம் இலவசமாகப் பேறுகால மருத்துவம் பார்க்கவில்லை என்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் கொடுப்பதில்லை.

குறைப்பிரசவம், அல்லது பிரசவத்தால் வந்த நோய் என்றால் மருத்துவச் சான்றோடு கூடுதலாக ஒரு மாதம் கூலியுடன் விடுப்பு. மூன்றாவது பிரசவமாக இருந்து இரண்டு குழந்தைகள் உயிரோடு இருந்தால் 26 வாரம் இல்லை, 12 வாரம்.

---

ஊடுநூல் எழுதியது:

நன்றி. இரண்டு விஷயம் இன்னும் பாக்கி.

அ) நான்கு பேரில் ஒருவருக்குக் குழந்தை மாமியாரிடம், 9 கிலோமீட்டர் தள்ளி. அரை மணி இடைவேளையில் போய் வர முடியாது. இரண்டையும் சேர்த்து மாலை ஒரு மணி முன்னதாகப் போகலாமா? இல்லை, பாலைக் கறந்து வைக்கலாமா?

ஆ) செக்கிங்குக்கு மாற்றுவது சட்டப்படி தவறா?

---

சங்கடை எழுதியது:

அ)-வுக்கு. ஒரு மணி முன்னதாகப் போவது கேட்க நன்றாக இருக்கும். உடம்பு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள். காலை எட்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தவர் மாலை ஐந்துவரை எடுக்காமல் இருந்தால் ஒன்பது மணி நேரம். மார்பு கல் மாதிரி கட்டும், பால்கட்டு காய்ச்சலில் முடியலாம்; சில வாரத்தில் சுரப்பும் குறையும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் தாய் சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுப்பது நல்லது. அந்தக் கணக்குப்படி இரண்டு இடைவேளையும் மதியச் சாப்பாட்டு நேரமும் சரியாக இருக்கும்.

கறந்த பால்: 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் 4 நாள். நம் ஊர் தையல் கூடம் சித்திரையில் 25 டிகிரியில் இருக்காது, ஆகவே மேசைமேல் வைப்பது என்ற பேச்சே வேண்டாம். ஃப்ரிட்ஜ் அல்லது ஐஸ் பேக் போட்ட பை. ஒரு முறை குடிக்கும் அளவாக, 60 முதல் 100 மில்லி வரை, சிறு பாட்டில்களில் பிரித்து, தேதியும் நேரமும் எழுதி வைக்கவும். ஃப்ரிட்ஜின் கதவில் வேண்டாம், உள்பக்கம். குழந்தை வாய் வைத்துக் குடித்த பாட்டிலில் மீதி இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிடலாம். சூடாக்க, வெந்நீரில் பாட்டிலை நிற்க வைத்தால் போதும்; மைக்ரோவேவ் கூடாது.

இடத்துக்குக் கழிப்பறையைக் காட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்தாழ்ப்பாள், நாற்காலி, பிளக் பாயிண்ட், கை கழுவக் குழாய், சிசிடிவி இல்லாமை. இந்த ஐந்தும் இருந்தால் ஸ்டோர் ரூம்கூடப் போதும்.

---

ஏழாம்பக்கம் எழுதியது:

சங்கடை சொன்னதோடு ஒரு சட்ட ஒட்டு. பிரிவு 66 "குழந்தைக்குப் பாலூட்ட" என்கிறது. கறந்து வைப்பதைப் பெயர் சொல்லவில்லை. தனி அறை தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவில் இல்லை. ஆகவே "பாலூட்டவோ பால் எடுக்கவோ" என்று மனுவிலேயே எழுதி, அதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இடைவேளைகளைச் சேர்ப்பதற்கும் சட்டத்தில் ஏற்பாடு இல்லை, தடையும் இல்லை; இருதரப்பு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் செய்யலாம். வாய்மொழியாகச் சேர்த்தால் ஆறு மாதம் கழித்து "தினமும் சீக்கிரம் போகிறார்" என்று மெமோ வரும்.

மெர்ச்சண்டைசிங் பெண்ணுக்கு இன்னொரு வழி உண்டு. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை: பிரிவு 60(5). ஆனால் அது "அனுமதிக்கலாம்" வகை. எவ்வளவு காலம், என்ன நிபந்தனை என்பது இருவரும் ஒத்துக்கொள்வதைப் பொறுத்தது.

ஆ)-வுக்கு. உத்தரவின் தேதியைப் பாருங்கள். பிரிவு 68 (பழைய 12) இரண்டைத் தடுக்கிறது: விடுப்பில் இருக்கும்போது, அல்லது விடுப்பைக் காரணமாக்கி, வேலையை விட்டு நீக்குவது, விடுப்பின்போது பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவது. விடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இனி செக்கிங்" என்று உத்தரவு போட்டு, செக்கிங் கூலி தையலைவிடக் குறைவு என்றால் நேரே பிரிவு 68-ல் மாட்டும். அதே கூலி, அதே ஷிப்ட் என்றால் "பாதகம்" என்று நிரூபிப்பது கடினம். திரும்பி வந்து பத்து நாள் கழித்துப் போடும் உத்தரவு இந்தப் பிரிவுக்குள் சுலபமாக வராது. அதனால்தான் விவரம் தெரிந்த நிர்வாகம் பத்து நாள் பொறுக்கும். உங்கள் எச்ஆர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அதை ஒரு மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ எழுத்தில் வரவழைக்க முடிந்தால் நல்லது: "நீங்கள் சொன்னபடி இன்னார் இருவரும் செக்கிங்குக்குப் போக வேண்டுமா, கூலி அதேதானா?" என்று கேட்டால் போதும்.

ஒன்றை மட்டும் எக்காரணத்துக்கும் செய்ய வேண்டாம்: "ராஜினாமா செய்துவிட்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்துகொள்" என்ற யோசனை. 26 வாரம் வரையான பேறுகால விடுப்பு கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) தொடர்ச்சியான பணியாகவே எண்ணப்படும். ராஜினாமா எழுதினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

ஏஜென்சி ஆட்களில் யாராவது கர்ப்பமாக இருந்து ஒப்பந்தம் நடுவில் முடிகிறது என்றால், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் குறித்து வையுங்கள்: தகுதி வந்துவிட்ட பிறகு, ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பலன் முழுக் காலத்துக்கும் உண்டு.

---

நாலுதரம் எழுதியது:

நைட் ஷிப்ட் யாரும் கேட்கவில்லை, ஆனாலும்: இரவு 7-க்குப் பின், காலை 6-க்கு முன் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களின் ஒப்புதல் வேண்டும் (தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, பிரிவு 43). சேரும்போது மொத்தமாகக் கையெழுத்து வாங்கிய படிவத்தைக் காட்டினால், "கைக்குழந்தை இருப்பதால் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்" என்று தேதியோடு ஒரு கடிதம் கொடுத்துவிடலாம்.

புகார் வழி: தொழிற்சாலை என்பதால் முதலில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை. பணம் மறுத்தாலோ வேலையை விட்டு நீக்கினாலோ உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று இழுப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த அறுபதைத் தாண்டவைக்கத்தான். பேசுங்கள், ஆனால் 45-ம் நாளில் மேல்முறையீட்டு மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

மனுவை நான்கு பெண்களும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. பொது மனு மட்டும் என்றால், நாளைக்கு ஒருவருக்குப் பிடித்தம் நடக்கும்போது "அவர் கேட்கவே இல்லையே" என்பார்கள். வாசகம் இவ்வளவு போதும்:

"என் குழந்தை ____ அன்று பிறந்தது, 15 மாதம் ____ அன்று நிறைவடைகிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு பிரிவு 66-ன் படி, வழக்கமான ஓய்வுக்கு மேலதிகமாக, ____ முதல் ____ வரையும் ____ முதல் ____ வரையும் குழந்தைக்குப் பாலூட்டவோ பால் எடுக்கவோ இரண்டு இடைவேளைகள் கோருகிறேன். இந்த நேரத்தைக் குறை நேரமாகப் பதியாமலும், கூலியில் பிடிக்காமலும், நாள் டார்கெட்டை அதற்கேற்பக் குறைத்தும் வருகைப் பதிவில் பதிய வேண்டுகிறேன். பிரிவு 67-ன் படியான காப்பக ஏற்பாட்டின் விவரத்தை எழுத்தில் தெரிவிக்கவும்."

இரண்டு படி. ஒன்றில் எச்ஆர் முத்திரையும் தேதியும். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட், கூடவே மின்னஞ்சல். திரும்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். பயோமெட்ரிக்கில் குறியீடு போட அவர்களுக்கு அவ்வளவு நாள் பிடிக்கும்.

---

ஒருரூபாய்_கணக்கு எழுதியது:

பிறப்புச் சான்றிதழ் நகலை அந்தக் கடிதத்தோடு பின் பண்ணுங்கள். பெயர் இன்னும் ஏறாத சான்றிதழாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே வேண்டியது பிறந்த தேதி மட்டும்.